கலிஃபோர்னிய ஈராண்டுக் கல்லூரியில் விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி ஒன்றில், அதாவது அங்குள்ளவர்கள் கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்லும் ஈராண்டுக் கல்லூரியில், புதிதாகச் சேரும் தமிழ் மாணவருக்கும் அவருடைய பெற்றோருக்கும் முதலில் பிடிபடாமல் போவது பாடத் தேர்வுதான். நம் ஊர்க் கல்லூரிகளில் எந்தப் பருவத்தில் எந்தத் தாள் என்பது பெரும்பாலும் பாடத்திட்டத்திலேயே அச்சாகி வந்துவிடும். விருப்பப் பாடம் என்ற பெயரில் ஒன்று இருந்தாலும், துறை நடத்த முன்வரும் தாளை வகுப்பு முழுவதும் சேர்ந்து எடுத்துக்கொள்வதே வழக்கம். இங்கோ எந்தப் பாடத்தை, எந்தப் பருவத்தில், எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பதை மாணவரே முடிவுசெய்து, பதிவு தொடங்கும் நாளில் தாமே இணையத்தில் இடம் பிடிக்க வேண்டும். எளிதான பாடம் எது, நண்பர் எடுக்கும் பாடம் எது என்று தேடத் தொடங்குவதற்கு முன் ஒரு கூட்டல் கழித்தல் கணக்கைப் போட்டுவிட வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் எத்தனை இடங்கள் உண்மையிலேயே உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கின்றன என்பது தெரியும்.

முதல் படி: எந்தப் பட்டம், அதன் பிறகு எங்கே

கலிஃபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. பாடத்தின் அளவை இங்கே யூனிட் என்ற அலகால் கணக்கிடுவார்கள். இக்கல்லூரிகள் தரும் அசோசியேட் என்ற ஈராண்டுப் பட்டத்துக்கு, அரையாண்டுப் பருவமுறைக் கல்லூரியில் 60 யூனிட்டும், டி ஆன்ஸா, ஃபுட்ஹில் போன்ற காலாண்டுமுறைக் கல்லூரிகளில் 90 யூனிட்டும் தேவை. இக்கட்டுரையில் வரும் எண்கள், வேறு குறிப்பு இல்லாதபோது, அரையாண்டுமுறை எண்களே. காலாண்டுமுறையில் படிப்பவர்கள் மொத்த யூனிட் எண்களை மட்டும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளலாம்; ஒரு பருவத்துக்குரிய எண்களை அல்ல.

பட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எத்துறை மாணவரும் படிக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்களைக் கல்லூரி தன் சொந்த விதிப்படி வகுத்துத் தரும் பட்டம். நேரே வேலைக்குச் செல்ல நினைப்பவர்களுக்கு இது போதும். மற்றொன்று, இங்கிருந்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்பவர்களுக்காக 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான மாற்றல் பட்டம். ஏ.டி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இதை முடித்தவருக்கு, கால் ஸ்டேட் எனப்படும் கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டு மாணவராக இடம் உறுதி. அதே துறையைத் தொடர்ந்தால் மேலும் 60 யூனிட்டுக்குள் இளநிலைப் பட்டத்தை முடிக்க வழியும் உண்டு. ஆனால் உறுதி அளிக்கப்படுவது அமைப்பில் ஓர் இடத்துக்குத்தானே தவிர, சான் ஹோசே போன்ற நீங்கள் விரும்பும் வளாகத்துக்கோ, போட்டி மிகுந்த கணினி அறிவியல் போன்ற துறைக்கோ அல்ல. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பின்னர் ஏமாற்றமடையும் குடும்பங்கள் உண்டு.

யூ.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வழி வேறு. அங்கே மூன்றாம் ஆண்டில் சேர, யூ.சி. ஏற்கும் 60 யூனிட்டை, மாற்றலுக்கு முந்தைய வசந்தப் பருவத்தின் முடிவுக்குள் நிறைவு செய்ய வேண்டும். ஜி.பி.ஏ. எனப்படும் தரச் சராசரி குறைந்தபட்சம் மாநிலத்தவருக்கு 2.4, வெளியாருக்கு 2.8, போட்டி உள்ள துறைகளில் இந்த எண்கள் நுழைவாயில் மட்டுமே. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், தகுதி பெற்றவருக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்யும் டேக் என்ற உடன்பாட்டை வழங்குகின்றன. அதற்கான விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தில், ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை.

எங்கே போவது என்று முதல் பருவத்திலேயே உறுதியாகத் தெரியாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு அல்லது மூன்று வளாகங்களையும் ஒரு துறையையும் தற்காலிகமாகவாவது தாளில் எழுதிவிட்டால் அடுத்த படிக்குப் போய்விடலாம்.

இரண்டாம் படி: மீதி எத்தனை யூனிட்

விருப்பம் என்ற சொல் இங்கே மூன்று இடங்களில் வருகிறது. அவற்றைக் கலந்துவிடக் கூடாது. பொதுக்கல்விப் பட்டியலில் ஒரு பிரிவுக்குள் பல பாடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது முதலாவது. முதன்மைத் துறையின் பட்டியல் ஏ, பட்டியல் பி என்ற வரிசைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது. இவ்விரண்டும் போக 60 யூனிட்டை எட்டுவதற்காக எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விடப்படும் வெற்றிடம் மூன்றாவது. கல்லூரியின் விவரக் கையேடு விருப்பப் பாடம் என்று குறிப்பிடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான்.

பொதுக்கல்விக்கு, 2025 இலையுதிர்ப் பருவம் முதல் புதிதாகச் சேரும் மாற்றல் மாணவர்களுக்கு, கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல் கால் ஸ்டேட், யூ.சி. இரண்டுக்கும் பொதுவாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் 11 பாடங்கள், குறைந்தது 34 யூனிட். ஆங்கிலக் கட்டுரை, ஆய்வுச் சிந்தனை, பேச்சுக்கலை ஆகியவை மூன்று, கணிதம் ஒன்று, கலையும் மானுடவியல் (ஹியூமானிடீஸ்) துறைகளும் ஆக இரண்டு, சமூக அறிவியலில் வெவ்வேறு துறைகளிலிருந்து இரண்டு, இயற்பியல்சார் அறிவியலும் உயிர் அறிவியலும் ஆக இரண்டு, அவற்றுள் ஒன்றுக்கு ஆய்வகம், இன ஆய்வியல் ஒன்று. ஒவ்வொன்றிலும் குறைந்தது சி தரம் வேண்டும். முன்பு இருந்த ஐகெட்சி என்ற பொதுக்கல்விப் பட்டியலும் கால் ஸ்டேட்டின் தனிப் பட்டியலும் பழைய மாணவர்களுக்கே உரியவை. எனவே சில ஆண்டுகளுக்கு முன் படித்த அண்ணனோ அக்காவோ தரும் பட்டியலை அப்படியே பின்பற்றுவது ஆபத்து. எடுத்துக்காட்டாக, உடல்நலம், வாழ்க்கைத்திறன் போன்ற பாடங்களுக்குக் கால் ஸ்டேட்டின் பழைய பட்டியலில் ஒரு தனிப் பிரிவு இருந்தது. கால்-கெட்சியில் அது இல்லை. இன்று அந்தப் பாடத்தை எடுத்தால் அது வெற்றிடத்தைத்தான் நிரப்பும்.

இனிக் கணக்கு. உளவியலில் மாற்றல் பட்டம் பெற விரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பொதுக்கல்வி 34 யூனிட். துறைப் பாடங்கள் சுமார் 20 யூனிட். ஆனால் உளவியல் அறிமுகம் சமூக அறிவியல் பிரிவிலும், புள்ளியியல் கணிதப் பிரிவிலும், ஆய்வகத்துடன் கூடிய உயிரியல் அறிவியல் பிரிவிலும் கணக்கில் சேரும். ஒரே பாடம் இரண்டு தேவைகளை நிறைவேற்றுவதை இக்கல்லூரிகள் அனுமதிக்கின்றன. அவ்வாறு இரட்டைக் கணக்காக வரும் ஏறத்தாழ 10 யூனிட்டைக் கழித்தால், 34 கூட்டல் 20 கழித்தல் 10, ஆக 44. மீதி 16 யூனிட். அதாவது மூன்று யூனிட் பாடங்களாக ஐந்து. கல்லூரிக்குக் கல்லூரி ஓரிரு யூனிட் மாறலாம் என்றாலும், மொத்தப் பட்டத்தில் கால் பங்குக்கு மேல் மாணவரின் கையில் இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

கணினி அறிவியலுக்கு இதே கணக்கைப் போட்டால் நிலைமை தலைகீழ். இரண்டு நுண்கணிதப் பாடங்கள், நுண்கணித அடிப்படையிலான இயற்பியல், நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, கணினி அமைப்பு, தொடர்ச்சியற்ற கணிதம் ஆகியவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் பல யூ.சி. வளாகங்கள் பன்மாறி நுண்கணிதத்தையும் நேரியல் இயற்கணிதத்தையும் எதிர்பார்க்கும். இத்துறை மாணவருக்கு மூன்றாம் வகை வெற்றிடம் என்பது கிட்டத்தட்ட இல்லை. ஆகவே அவர் தம் விருப்பத்தை முதல் வகையில், அதாவது பொதுக்கல்விப் பிரிவுகளுக்குள், கவனமாகச் செலவிட வேண்டும்.

மூன்றாம் படி: அசிஸ்ட் தளத்தைத் திறப்பது

எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழக வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதைச் சொல்லும் அதிகாரப்பூர்வத் தளம் அசிஸ்ட். அதில் உங்கள் கல்லூரி, செல்ல விரும்பும் வளாகம், துறை ஆகிய மூன்றையும் கொடுத்தால் ஓர் ஒப்பந்தப் பக்கம் வரும். நீங்கள் எழுதிய இரண்டு மூன்று வளாகங்களுக்கும் இதைச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இருப்பவை துறைப் பாடங்களாக ஏற்கெனவே உங்கள் கணக்கில் வந்திருக்கும். ஒரு வளாகத்தில் மட்டும் இருப்பவைதான் வெற்றிடத்துக்கு முதல் தகுதி உடையவை. ஒரு கூடுதல் பாடத்தை எடுப்பதால் இன்னொரு வளாகத்தின் கதவும் திறக்கிறது என்றால், அதைவிட நல்ல விருப்பப் பாடம் அமைவது அரிது.

இதே தளத்தில் யூ.சி. ஏற்கும் பாடங்களின் தனிப்பட்டியல் ஒன்றும் உண்டு. கால் ஸ்டேட் ஏற்கும் எல்லாப் பாடங்களையும் யூ.சி. ஏற்பதில்லை. அது ஏற்கும் பாடங்களிலும் சிலவற்றுக்கு வரம்பு உண்டு: உளவியல் துறை நடத்தும் புள்ளியியலையும் கணிதத் துறை நடத்தும் புள்ளியியலையும் இரண்டையுமே படித்தாலும் ஒன்றுக்குத்தான் யூனிட் கிடைக்கும், உடற்பயிற்சி வகுப்புகளுக்கு மொத்தம் நான்கு யூனிட் வரைதான். பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்தக் குறிப்புகளைப் பெரும்பாலானோர் படிப்பதில்லை. படித்துவிடுங்கள்.

இன்னொரு மாற்றத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். மாநிலம் முழுவதும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் என்ற ஏற்பாடு 2025-இல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. புள்ளியியல், உளவியல் அறிமுகம், பேச்சுக்கலை முதலியவை சி1000 என்ற வகை எண்ணுக்கு மாறியுள்ளன. பழைய எண்ணைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் பாடம் நின்றுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

நான்காம் படி: வெற்றிடத்தை நிரப்புவது

கால் ஸ்டேட்டுக்குச் செல்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அமெரிக்க வரலாறு, அரசியலமைப்பு ஆகியவை பற்றிய பட்டத் தேவையை. கால் ஸ்டேட்டில் இளநிலைப் பட்டம் பெறும் ஒவ்வொருவரும் இதை நிறைவேற்ற வேண்டும். சமுதாயக் கல்லூரியில் ஒரு வரலாற்றுப் பாடமும் ஓர் அரசியல் அறிவியல் பாடமும் சேர்ந்து வழக்கமாக இதை முடித்துவிடும். சரியாகத் தேர்ந்தெடுத்தால் அவையே கால்-கெட்சியின் சமூக அறிவியல் பிரிவிலோ மானுடவியல் பிரிவிலோ கணக்கில் சேரும். மாநிலத்தவருக்கு யூனிட் ஒன்றுக்கு 46 டாலர் என்ற கட்டணத்தில், மூன்று யூனிட் பாடம் 138 டாலருக்கு இங்கே முடிகிறது. அதையே பல்கலைக்கழகம் சென்ற பிறகு படித்தால் செலவும் கூடும், மூன்றாம் ஆண்டுத் துறைப் பாடங்களுக்கான நேரமும் குறையும்.

அடுத்தது, அடுத்த கட்டப் படிப்புக்கான முன்தேவைகள். செவிலியர் படிப்பை எண்ணும் உளவியல் மாணவர் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகிய மூன்றையும் இந்த வெற்றிடத்தில் வைத்தால், 16 யூனிட்டில் பெரும்பகுதி பயனுள்ள வகையில் நிரம்பிவிடும். பொருளியலுக்கும் வணிக நிர்வாகத்துக்கும் இடையே முடிவெடுக்க இயலாதவர் நிதிக் கணக்கியலை எடுத்துப் பார்க்கலாம். வணிகத்துக்குச் சென்றால் அது துறைப் பாடம், பொருளியலில் நின்றால் விருப்பப் பாடம், எப்படியும் வீணாகாது.

மூன்றாவதாக, ஒரு துறையைச் சோதித்துப் பார்ப்பது. பொறியியல் அல்லது மருத்துவம் என்ற இரண்டு வாசல்களை மட்டுமே வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எவ்வளவு தேவை என்பதைப் பெற்றோர் உணர்வது நல்லது. மொழியியல், புவியியல், மானிடவியல், வரைகலை, ஒளிப்படக்கலை போன்ற துறைகளின் அறிமுகப் பாடம் ஒன்றைப் படித்துப் பார்த்து, பிடித்திருந்தால் தொடர்வதற்கும் பிடிக்காவிட்டால் ஒரு பருவத்தோடு நிறுத்துவதற்கும் இதைவிட மலிவான இடம் அமெரிக்க உயர்கல்வியில் அரிது. ஆனால் இந்தச் சோதனையை முதல் இரண்டு பருவங்களுக்குள் செய்துவிட வேண்டும். நான்காம் பருவத்தில் மொழியியல்தான் என் துறை என்று கண்டுகொள்பவர், விண்ணப்பம் அனுப்பிய பிறகு கண்டுகொள்பவராக இருப்பார்.

பொதுக்கல்விப் பிரிவுக்குள் தேர்ந்தெடுக்கும்போதும் சற்று நின்று பார்க்கலாம். இன ஆய்வியல் பிரிவில் ஆசிய அமெரிக்கர் வரலாறு கிடைக்கும் கல்லூரிகள் பல. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளித்த பகத் சிங் திந்த் வழக்கு அத்தகைய பாடங்களில் பெரும்பாலும் இடம்பெறும். பச்சை அட்டைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கு இது வெறும் கட்டாயப் பாடமாக இருக்காது என்பது என் எண்ணம்.

எளிதான பாடம் என்று பெயர் பெற்றவற்றைப் பற்றி ஒரு சொல். கடினமான இயற்பியல், நுண்கணிதம் இரண்டும் சேர்ந்து வரும் பருவத்தில் மூன்றாவது பாடமாகச் சுமை குறைந்த ஒன்றை வைப்பது அறிவுடைமை. ஐந்து இடங்களையும் அப்படியே நிரப்புவது வேறு விஷயம். மேலும், இக்கல்லூரிகளில் சி தரம் பெற்ற பாடத்தை, மதிப்பை உயர்த்துவதற்காக மீண்டும் படிக்கப் பொதுவாக அனுமதியில்லை. எளிதென்று நினைத்து அலட்சியமாக எடுத்த விருப்பப் பாடத்தில் சி வந்தால் அது ஜி.பி.ஏ.யில் நிலைத்துவிடும். வரப்போகும் பாடம் உண்மையில் என்ன கேட்கும் என்பதை அறிய, இணையத்தில் ஆசிரியருக்குக் கிடைத்த நட்சத்திரங்களைவிட, கல்லூரி வெளியிட்டிருக்கும் அதிகாரப்பூர்வப் பாட வரைவு நம்பத் தகுந்தது. எத்தனை கட்டுரைகள், எவ்வளவு வாசிப்பு, எந்த முன்தேவை என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஐந்தாம் படி: விசா, உதவித்தொகை, தரமுறை

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு முழுப் பருவத்திலும் குறைந்தது 12 யூனிட் படிக்க வேண்டும். அந்த முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு இணையவழிப் பாடம், அதாவது மூன்று யூனிட், மட்டுமே சேரும். சமுதாயக் கல்லூரிகளில் விருப்பப் பாடங்கள் ஏராளமாக இணையவழியில் நடப்பதால் இந்த வரம்பு எளிதில் மீறப்பட்டுவிடும். 12 யூனிட்டுக்குக் கீழே இறக்கும் எந்தப் பாடத்தையும் கைவிடுவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்டே ஆக வேண்டும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து எச்-4-இல் இருப்பவர்களுக்கு இந்த 12 யூனிட் விதி இல்லை. எஃப்-1 மாணவர் செலுத்துவது வெளியாருக்கான கட்டணம். அது 46 டாலரைப் போல் பல மடங்கு என்பதால் அவர்களுக்கு ஒவ்வொரு வெற்றிடமும் விலை மிகுந்தது.

கூட்டரசின் உதவித்தொகை பெறும் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும் கவனிக்க வேண்டியது வேறு. பட்டத்துக்குக் கணக்கில் சேராத பாடம் உதவித்தொகைக் கணக்கிலும் சேராது. 60 யூனிட்டுக்கான வெற்றிடம் இருக்கும்வரை விருப்பப் பாடம் சேரும். வெற்றிடம் நிரம்பிய பிறகு எடுப்பது சேராது. பட்டத்துக்குரிய யூனிட்டில் ஒன்றரை மடங்கு, அதாவது 90, முயன்ற பிறகு உதவி நின்றுவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டத்துக்குரிய யூனிட் 100-ஐத் தாண்டினால் பதிவில் கிடைக்கும் முன்னுரிமையும் போய்விடும்.

எழுத்துத் தரம் இல்லாமல் தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை என்ற முறையில் விருப்பப் பாடத்தை எடுக்கும் வாய்ப்பும் உண்டு. யூ.சி. இவ்வகையில் 14 யூனிட் வரைதான் ஏற்கும். துறைக்கான தயாரிப்புப் பாடங்களில் இம்முறையைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

ஆறாம் படி: திட்டத்தை எழுதிப் பதிவு செய்வது

மேலே சொன்னவற்றை நான்கு பருவங்களாகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். பருவத்துக்கு 15 யூனிட் என்றால் இரண்டு ஆண்டில் 60. ஒரு யூனிட்டுக்கு வகுப்பும் வீட்டு வேலையும் சேர்த்து வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்பது பொது அளவு; 15 யூனிட் என்பது வாரம் 45 மணி நேர வேலை. பகுதிநேர வேலைக்குச் செல்பவர் கோடைப் பருவத்தில் ஓரிரு விருப்பப் பாடங்களை வைத்துச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம்.

முன்தேவைச் சங்கிலியில் உள்ளவற்றை முதலில் இடுங்கள். நுண்கணிதம் ஒரு பருவம் தள்ளிப்போனால் இயற்பியலும் தள்ளிப்போகும். விருப்பப் பாடம் தள்ளிப்போனால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. அதற்காக எல்லா விருப்பப் பாடங்களையும் கடைசிப் பருவத்துக்கு ஒதுக்கிவிட்டால், அந்தப் பருவத்தில் அவை நடத்தப்படாமலே போகலாம். ஒவ்வோர் இடத்துக்கும் மாற்றாக ஒரு பாடத்தையும் எழுதி வையுங்கள்.

இந்தத் தாளோடு கல்லூரியின் கல்வி ஆலோசகரைச் சந்தியுங்கள். எதை எடுக்கட்டும் என்று வெறுங்கையோடு போய்க் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் பொதுவானதாகத்தான் இருக்கும். குறிப்பிட்ட ஐந்து பாடங்களைக் காட்டி, இவை யூ.சி. டேவிஸின் துறைத் தேவையை நிறைவேற்றுமா என்று கேட்பவருக்கு அரை மணி நேரத்தில் தெளிவு கிடைக்கும். ஆலோசகர் பதிவுசெய்யும் கல்வித் திட்டம், பதிவு முன்னுரிமைக்கும் தேவைப்படுகிறது. பதிவு தொடங்கும் வாரத்தில் ஆலோசனை நேரம் கிடைப்பது கடினம் என்பதால் பருவத்தின் நடுவிலேயே செல்லுங்கள்.

வகுப்பு அட்டவணையில், புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளுக்குத் தனிக் குறியீடு இருக்கும். சமமான இரண்டு வகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது போதுமான காரணம். உங்கள் கல்லூரியில் இடம் நிரம்பிவிட்டால், மாநிலத்தின் மெய்நிகர் வளாகம் வழியாக வேறொரு சமுதாயக் கல்லூரியின் இணையவழி வகுப்பில் சேரவும் முடியும்.

விண்ணப்பத்துக்குப் பிறகு

யூ.சி. விண்ணப்பத்தை அக்டோபர், நவம்பரில் அனுப்பும்போது, வசந்தப் பருவத்தில் படிக்கப் போகும் பாடங்களையும் குறிப்பிட வேண்டும். அதன்பின் ஒரு விருப்பப் பாடத்தை மாற்றினாலும் கைவிட்டாலும், ஜனவரியில் நிரப்பும் மாற்றல் தகவல் படிவத்திலோ, அதற்கும் பிறகு என்றால் நேரடியாக வளாகத்துக்கோ தெரிவிக்க வேண்டும். கைவிட்ட அந்த மூன்று யூனிட்டால் மொத்தம் 60-க்குக் கீழே வந்துவிட்டால் கிடைத்த இடமே கேள்விக்குறியாகும். கல்லூரி நாட்காட்டியில், தடயம் இல்லாமல் விலகும் கடைசி நாளும், டபிள்யூ குறியீட்டுடன் விலகும் கடைசி நாளும் தனித்தனியே தரப்பட்டிருக்கும். இரண்டையும் பருவத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான கல்லூரிகளில் 60 யூனிட் முடிந்துவிட்டதால் மட்டும் பட்டம் தானாக வந்துவிடாது. கடைசிப் பருவத்தில் பட்டத்துக்கான மனுவைக் கொடுத்து, இறுதித் தரப்பட்டியலோடு கால்-கெட்சிச் சான்றையும் சேர்த்து அனுப்பும்படி மாணவர் பதிவு அலுவலகத்தில் தனியே கேட்க வேண்டும். முன்பு வேறு கல்லூரியில் ஏதேனும் விருப்பப் பாடம் படித்திருந்தால், அந்தக் கல்லூரியின் தரப்பட்டியலும் சான்று தயாரிக்கும் அலுவலகத்துக்கு அதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.